அந்தப் போத்திலை இனி அனுப்பாதை, தம்பி

வட்டக்கச்சி
மாசி மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்க எல்லாரும் சுகம், நீயும் மருமகளும் சுகமா இருப்பீங்கள் எண்டு நம்புறம். நீ அனுப்பின பார்சல் போன வெள்ளிக்கிழமை வந்து சேந்தது. கொம்மாவின்ர சுவெற்றர் அளவு, என்ர செருப்பும் அளவு. அதுக்குள்ள எனக்குச் சலம் போறதுக்கெண்டு நீ வைச்ச ரெண்டு போத்தில் குளிசையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன்ல கதைக்க வெளிக்கிட்டா கொம்மா பக்கத்தில நிப்பா, நீயும் வேலையில நிப்பாய், எனக்கும் சலம் போற கதையைப் பெத்த பிள்ளையோட கதைக்க வாய் வராது, அதால ஆறுதலா இருந்து ரைப் பண்ணுறன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கொள்.

மார்கழியில நடந்ததை உனக்கு நாங்கள் முழுசாச் சொல்லேல்லை. அப்பாவுக்குக் காய்ச்சல், சலம் போறதும் கொஞ்சம் கரைச்சல், ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில எண்டுதான் கொம்மா சொன்னவ. காய்ச்சல் இல்லை தம்பி. அந்தக் கிழமை முழுக்கத் தூறல், எனக்கு நல்ல தடிமன், ஒரு கடையில குளிசை வாங்கி ரெண்டு நாள் போட்டனான், சில தடிமன் குளிசை சலப்பையைச் சோர வைக்கும் எண்டும் சலப்பைக்குக் கீழ இருக்கிற புறொஸ்ரேற் சுரப்பி வீங்கின என்னை மாதிரி ஆக்களுக்கு அப்பிடியே அடைச்சுப்போடும் எண்டும் எனக்கு ஆர் சொன்னது? இரவு 11 மணிக்குப் போனா ஒரு சொட்டும் இல்லை. 3 மணிக்கு அடிவயிறு பறை மாதிரி இறுகிப் போச்சு, இருக்கவும் ஏலாது நிக்கவும் ஏலாது. பக்கத்து வீட்டுப் பெடியன் ஓட்டோவில ஏத்திக்கொண்டு போனவன், ஒவ்வொரு குழிக்கும் உயிர் போய் வந்தது. ஆஸ்பத்திரியில மிஸி ரியூப் போட்ட உடன ஒரு லீற்றருக்கு மேல வந்தது. வலி போன சுகத்தில நான் சின்னப்பிள்ளை மாதிரி அழுதனான்.

அந்தக் கட்டிலில கிடக்கேக்க எனக்கு உன்ர அப்பப்பான்ர நினைவுதான். உனக்கு அவரைப் பெரிசா ஞாபகம் இராது, 96ல கிளிநொச்சியால இடம்பெயர்ந்து மல்லாவியில தறப்பாள் கொட்டிலுக்க இருந்த காலம், உனக்கு அப்ப 4 வயசு. அவருக்கும் இதே வருத்தம்தான். இரவில நாலஞ்சு தரம் எழும்பி வேலிக்கரைக்குப் போவார், கிளுவங்கதியால் ஒண்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சபடி நிப்பார், முக்குவார், சொட்டுச் சொட்டாத்தான் போகும், நான் ஜாம்போத்தல் விளக்கோட பின்னால நிப்பன், நீ போய்ப் படடா எண்டுவார். அவர் பிடிச்சுப் பிடிச்சு அந்தக் கதியாலில ஒரு சாண் அளவுக்குப் பட்டை கழண்டு வழுவழு எண்டு இருந்தது. மருந்துக்குத் தடை இருந்த காலம், வயசு போனா இப்பிடித்தான் எண்டு அவரும் சொன்னார், நாங்களும் நம்பினம். போன ரெண்டு வருசமா நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான், ஒருத்தருக்கும் காட்டேல்லை. இந்தப் பக்கத்து ஆம்பிளையள் எல்லாரும் அப்பிடித்தான், கால் முறிஞ்சா ஊருக்கே சொல்லுவம், இதை மட்டும் மறைப்பம்.

கிளினிக்கில டொக்டர் ஒரு தாளை வைச்சு ஏழு கேள்வி கேட்டவர். போன மாசம் முழுக்க எத்தினை தரம் முழுசாப் போகாத மாதிரி இருந்தது, இரவில எத்தினை தரம் எழும்பினீங்கள், விட்டு விட்டுப் போகுதோ, முக்க வேண்டியிருக்கோ எண்டு. ஒவ்வொண்டுக்கும் 0 இல இருந்து 5 வரைக்கும் புள்ளி, மொத்தம் 35. 20 உம் அதுக்கு மேலயும் எண்டா கடுமை. எனக்கு 24. அதுக்குப் பிறகு எட்டாவதா ஒரு கேள்வி, இப்ப போறமாதிரியே மிச்சக் காலம் முழுக்க இருந்தா உங்களுக்கு எப்பிடி இருக்கும் எண்டு. எனக்குப் பதில் வரேல்லை, கதியால்தான் கண்ணுக்கு முன்னால நிண்டது. டொக்டர் அவசரப்படுத்தேல்லை, பேனையை வைச்சிட்டுப் பாத்துக்கொண்டிருந்தார். உலகம் முழுக்க இதே கேள்வியளைத்தான் கேக்கினமாம், மருந்து வேலை செய்யுதோ எண்டு ஆராய்ச்சியளில பாக்கிறதும் இந்தப் புள்ளியை வைச்சுத்தானாம்.

இனி உன்ர போத்தில். அது அமெரிக்காவில காடா வளருற ஒரு குட்டைப் பனைச்சாதியின்ர பழத்தில எடுக்கிறது, சோ பல்மெற்றோ எண்டு பேர், உன்னோட வேலை செய்யிற அண்ணை குடிச்சுச் சுகமெண்டு சொன்னவர் எண்டு எழுதியிருந்தாய். பனை எண்டவுடன எனக்கும் ஆசையாத்தான் இருந்தது. பெரிய மாமியின்ர பேத்தி யாழ்ப்பாணத்தில டொக்டருக்குப் படிக்கிறாளெல்லோ, அவள் லீவில வந்து நிண்டவள், ரெண்டு பின்னேரம் போனை வைச்சு வாசிச்சு வாசிச்சு எனக்கு விளங்கப்படுத்தினவள். 2006ல 225 பேரை வைச்சு ஒரு வருசம் பாத்திருக்கினம், பாதிப்பேருக்கு அந்தக் குளிசை, மற்றப் பாதிக்கு அதே மாதிரி மருந்தில்லாத வெறும் குளிசை, எது எது எண்டு குடிக்கிறவருக்கும் தெரியாது குடுக்கிறவருக்கும் தெரியாது. கடைசியில ரெண்டு பக்கமும் ஒண்டுதான். மருந்தின்ர அளவு காணாதோ எண்டு கேட்ட ஆக்களுக்காக 2011ல திரும்பவும் 369 பேருக்கு அளவைக் கூட்டிக் கூட்டி மூண்டு மடங்கு வரைக்கும் குடுத்து 72 கிழமை பாத்தவை. அப்பவும் வெறும் குளிசை குடிச்சவையை விட ஒரு துளியும் கூடச் சுகமில்லை. வெறும் குளிசை குடிச்சவைக்கும் கொஞ்சம் சுகம் தெரிஞ்சதாம், அந்த அண்ணை சொன்னதும் பொய்யா இராது தம்பி, இந்த வருத்தம் தானாவே ஏறி இறங்கும், இறங்கிற நேரம் ஆர் எதைக் குடிச்சாலும் அதாலதான் சுகமெண்டு தோணும்.

எங்கட வயலை நினைச்சுப்பார். புதுப் பசளை ஒண்டை வயல் முழுக்க எறிஞ்சுபோட்டு விளைச்சல் நல்லம் எண்டா, அது பசளையாலயோ இரணைமடுக் குளம் நிறைஞ்சதாலயோ எண்டு என்னெண்டு சொல்லுறது? ஒரு பாத்திக்குப் போட்டு பக்கத்துப் பாத்திக்குப் போடாம விட்டுத்தான் பாக்கவேணும், எந்தப் பாத்திக்கு எண்டதையும் நான் தெரிஞ்செடுத்தா பள்ளக்காணியில நல்ல மண் பாத்துத்தான் போடுவன், அதால திருவுளச்சீட்டுப் போட்டுத்தான் பிரிக்கவேணும். இது எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை, 40 வருசமா மண்ணில பாத்தது. மனிசரிலயும் அப்பிடித்தான் பாக்கினம் எண்டது மட்டும்தான் எனக்குப் புதுசு.

நான் இப்ப குடிக்கிறது ரெண்டு குளிசை. டாம்சுலோசின் சலப்பையின்ர வாசலில இருக்கிற தசையை இளக்கும், மதகைத் திறந்துவிட்ட மாதிரி, அது நாலஞ்சு நாளிலயே தெரிஞ்சது, ஆனா படுக்கையால சடாரெண்டு எழும்பினா தலை சுத்தும், கட்டில் ஓரத்தில கொஞ்சநேரம் இருந்துதான் எழும்பிறனான். மற்றது பினாஸ்டெரைட், அது வீக்கத்தையே மெல்ல மெல்லச் சுருக்கும், ஆறு மாசம் பொறுக்கவேணும். ஏன் ரெண்டும் எண்டு கேட்டன். அமெரிக்காவில தொண்ணூறுகளில தொடங்கி 3,047 பேரை நாலு கூட்டமாப் பிரிச்சிருக்கினம். ஒண்டுக்கு டாம்சுலோசின் சாதியில டொக்சசோசின் எண்ட மருந்து, ஒண்டுக்குப் பினாஸ்டெரைட், ஒண்டுக்கு ரெண்டும், கடைசிக் கூட்டத்துக்கு வெறும் குளிசை. சராசரியா நாலரை வருசம் பாத்து 2003ல முடிவை வெளியிட்டவை. வெறும் குளிசையோட பாக்க வருத்தம் முத்திறது தனி டொக்சசோசினில 39 வீதம் குறைவு, தனிப் பினாஸ்டெரைட்டில 34, ரெண்டும் சேந்தா 66. ஆனா எனக்கு மார்கழியில நடந்தமாதிரி அடைச்சுப் போறதையும் ஒப்பிரேசனுக்குப் போறதையும் நீண்டகாலத்தில குறைச்சது பினாஸ்டெரைட் சேந்த கூட்டங்களில மட்டும்தான். தசையை இளக்கினா சுகம் தெரியும், உள்ள வளருறது வளந்துகொண்டுதான் இருக்கும். என்ர ஸ்கானில வீக்கம் பெரிசு, அதால ரெண்டும்.

அந்த 3,047 பேரை நினைக்க எனக்கு நெஞ்சு என்னவோ செய்யுது. என்ர அப்பா மல்லாவியில கதியாலைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட அதே வருசங்களில, எங்கயோ ஒரு ஊரில அவற்ற வயசு மனிசன் ஒருத்தர் தான் குடிக்கிறது மருந்தோ மாவோ எண்டு தெரியாமலே வருசக்கணக்கா ஒவ்வொரு நாளும் குடிச்சு, போய்ப் போய்ச் சொல்லி எழுதுவிச்சிருக்கிறார். வெறும் குளிசை கிடைச்ச கூட்டத்துக்கு ஒரு பிரியோசனமும் இல்லை, அவையில சிலருக்கும் இரவில அடைச்சிருக்கும், அவையும் துடிச்சிருப்பினம். அவை இல்லாட்டி எந்தக் குளிசை எனக்கு எண்டு இந்த டொக்டரால சொல்ல ஏலாது.

பினாஸ்டெரைட் வந்த கதையையும் சொல்லவேணும், ஏனெண்டா அதில மருமகளுக்கு ஒரு விசயம் இருக்கு. டொமினிக்கன் குடியரசில ஒரு கிராமத்தில சில பிள்ளையள் பிறக்கேக்க பொம்பிளைப் பிள்ளை எண்டு வளத்து, பெரிசானாப் பிறகு ஆம்பிளையா மாறியிருக்கினம். ஜூலியான் இம்பெரேற்றோ மக்கின்லி எண்ட டொக்டர் அம்மா 1974ல அதின்ர காரணத்தை எழுதினவ, ஆண் ஹோர்மோனை இன்னொரு வடிவமா மாத்திற நொதி ஒண்டு அவையின்ர உடம்பில குறைவு. அவைக்குப் புறொஸ்ரேற்றும் நல்லாச் சின்னன். அப்ப அந்த நொதியை மறிச்சா வீக்கம் வராதெண்டு யோசிச்சுத்தான் இந்த மருந்து, 1992ல அமெரிக்காவில அனுமதிச்சது. இதாலதான் பிள்ளைத்தாச்சியள் இந்தக் குளிசையை உடைஞ்சோ தூளாவோ கையால தொடக்கூடாது, வயித்தில இருக்கிறது ஆம்பிளைப்பிள்ளை எண்டா உறுப்பு வளர்ச்சி பிழைக்கும். சித்திரையில நீங்கள் வரேக்க என்ர மருந்துப்பெட்டி மேல் தட்டில இருக்கும், மருமகள் அந்தப் பக்கம் கூட்டித் துடைக்கவும் வேண்டாம், அவவுக்கு நீயே பக்குவமாச் சொல்லு.

கொழும்பில பிரைவேற்றில லேசர் செய்வம், காசு நான் தாறன் எண்டும் எழுதியிருந்தாய். உன்ர மனசு எனக்கு விளங்குது ராசா. குளிசை கேக்காட்டி ஒப்பிரேசன்தான் எண்டு டொக்டரும் சொன்னவர், வயிறு வெட்டாம சலம் போற வழியாலயே விட்டுச் சுரண்டி எடுக்கிற பழைய முறை. பிரித்தானியாவில 410 பேரை அந்தப் பழைய முறைக்கும் ஒருவகை லேசருக்குமாப் பிரிச்சுப் பாத்து 2020ல எழுதியிருக்கினம், ஒரு வருசத்தில அந்த ஏழு கேள்விப் புள்ளி ரெண்டு பக்கமும் ஒண்டு, சலம் போற வேகம் பழைய முறையில கொஞ்சம் கூட. தேவைப்பட்டா இங்கயே பழைய முறையில செய்வம், அந்தக் காசைப் பிள்ளைப்பேறுக்கு வைச்சிரு.

கிளினிக் கொப்பியின்ர முதல் மட்டையில ரெண்டு விசயம் கொட்டை எழுத்தில எழுதி வைச்சிருக்கிறன், எனக்கு ஏதும் எண்டா நீயும் தெரிஞ்சிருக்கவேணும். கண் புரை ஒப்பிரேசனுக்கு முன்னம் டாம்சுலோசின் குடிக்கிறதைக் கண் டொக்டருக்குச் சொல்லவேணும், அது கண்மணியைச் சுத்தியுள்ள திரையைத் தொய்ய வைக்கும், முன்னமே தெரிஞ்சா அவை ஆயத்தமா இருப்பினம். மற்றது பினாஸ்டெரைட் கொஞ்சக்காலம் குடிச்சாப் பிறகு புறொஸ்ரேற் புற்றுக்குப் பாக்கிற இரத்தச் சோதனையில இலக்கம் பாதியாக் காட்டும், அதை அப்பிடியே நம்பக்கூடாது.

போன கிளினிக்கில திரும்பவும் அந்த ஏழு கேள்வியும் கேட்டவர். 24 எண்டது 15 ஆகியிருக்கு. இரவில ரெண்டு தரம்தான் எழும்பிறன், கொம்மாவும் இப்ப நித்திரை கொள்ளுறா. போத்தில் ரெண்டும் அலுமாரிக்குள்ள உடைக்காம இருக்கு, வரேக்க கொண்டுபோய்க் குடுத்துக் காசைத் திருப்பி வாங்கு. அடுத்த கிளினிக் பங்குனி ரெண்டாம் கிழமை, இனிப் புள்ளி என்ன எண்டு நீ போன்ல கேள், கொம்மா பக்கத்தில நிண்டாலும் சொல்லுறன்.

அன்புடன்
அப்பா