ஒடெஸ்ஸாவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? போன வாரம் போனில் ஊர் எப்படி என்று கேட்டீர்கள். எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒடெஸ்ஸா தட்டையான ஊர். அமெரிக்காவில், டெக்சாஸின் மேற்குப் பகுதி. மலை இல்லை, ஆறு இல்லை, மர நிழலைக்கூடத் தேட வேண்டும். எங்கு பார்த்தாலும் எண்ணெய் இறைக்கும் பம்புகள் தலையாட்டிக்கொண்டிருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் ஊருக்கே திருவிழா. பக்கத்து வீட்டுப் பாட்டிகூடக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ராட்லிஃப் ஸ்டேடியத்துக்குக் கிளம்பிவிடுவார். பதினேழாயிரம் பேருக்கு மேல் உட்காரும் இடம் அப்பா, ஆடுவது பள்ளிக்கூடப் பிள்ளைகள்! ஃபுட்பால் என்கிறார்கள், ஆனால் நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்து, பெரும்பாலும் கையில்தான்.

அந்தப் பாட்டி சொல்லித்தான் ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ படம் பார்த்தோம். 2004இல் பீட்டர் பெர்க் எடுத்தது. இங்குள்ள பெர்மியன் பள்ளி அணி 1988இல் ஆடிய ஒரு சீசன்தான் கதை. எண்ணெய் விலை விழுந்து ஊர் நொடித்துக் கிடந்த காலம். பெரியவர்களுக்குப் பெருமைப்பட வேறொன்றும் இல்லாததால், மொத்தப் பாரத்தையும் பதினேழு வயதுப் பிள்ளைகள் தோளில் ஏற்றிவிட்டார்கள். உங்கள் மாப்பிள்ளையின் வேலையும் எண்ணெய் விலையை நம்பித்தானே இருக்கிறது, அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

கோச்சாக பில்லி பாப் தார்ன்டன். பார்க்கப் பார்க்க உங்கள் ஞாபகம். அணி தோற்றதும் அவர் வீட்டு வாசலில் ‘விற்பனைக்கு’ என்று பலகை நட்டுவிட்டுப் போகிறார்கள். நீங்கள் பயிற்சி கொடுத்த நம் பள்ளி அணி தோற்ற வருடம் நாலு பேர் வீட்டு வாசலில் வந்து கத்தியதும், நீங்கள் பேசாமல் நின்றதும் நினைவுக்கு வந்தன. கடைசி ஆட்டத்தின் இடைவேளையில் அவர் பிள்ளைகளிடம் பேசுவதை நீங்கள் கேட்க வேண்டும். குறையில்லாமல் ஆடுவது என்றால் ஸ்கோர் இல்லை, கூட ஆடியவனை ஏமாற்றவில்லை என்று அவன் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிவதுதான் என்கிறார்.

பூபி மைல்ஸ் என்ற பையனாக டெரெக் லூக் நடித்திருக்கிறார். முழங்கால் போய்விடுகிறது. ஆட்டத்தைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும் என்று காரில் மாமாவிடம் அழும்போது நானும் அழுதுவிட்டேன். டிம் மெக்ரா என்று இங்கே பெரிய ‘கன்ட்ரி’ இசைப் பாடகர், அவர் படத்தில் பாடவே இல்லை. தன் பழைய வெற்றி மோதிரத்தைச் சொல்லிச் சொல்லியே மகனை நோகடிக்கும் குடிகார அப்பாவாக வருகிறார்.

பின்னணி இசையில் பெரும்பகுதி ‘எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை’ என்ற குழுவுடையது. நாலு பேரில் மூன்று பேர் பக்கத்து ஊரான மிட்லாண்டில் வளர்ந்தவர்கள். பாட்டு இல்லை, வார்த்தை இல்லை. கிடார் மெல்லத் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, பிறகு தூரத்து மழைபோலப் பெருகும். காலையில் கடைக்குப் போகும்போது காரில் அதைத்தான் போடுகிறேன். வந்த புதிதில் இந்த வெட்டவெளி என்னைப் பயமுறுத்தியது. இப்போது அப்படி இல்லை.

படத்தில் அவர்கள் கடைசியில் தோற்றுவிடுகிறார்கள், அப்பா. மறுவருடம் பெர்மியன் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தது, ஆனால் இந்தப் பிள்ளைகள் அதற்குள் படிப்பை முடித்துப் போயிருந்தார்கள். சீசன் முடிந்ததும் கோச் தனியாக நின்று அணிப் பெயர்ப் பலகையிலிருந்து அவர்கள் பெயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்.

நீங்கள் அணிப் பெயர்களை எழுதிவைத்த நீல அட்டை நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறதா? பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் போனதும் அந்தப் பெயர்களை என்ன செய்வீர்கள்? நான் கேட்டதே இல்லை. அடுத்த முறை பேசும்போது சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்