லிஸ்பன் போய்விட்டு வந்த பிறகு, வீட்டைப் பற்றி

தூத்துக்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். நாங்கள் வந்து சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் அவள் பிடுங்கிக்கொள்கிறாள். தாத்தா வீட்டை இடிக்கிற விஷயத்தைத் தொட்டாலோ நாம் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். அதனால் நீ பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்தபோது எழுதிய மாதிரி எழுதுகிறேன். நாலு பக்கம் வரும். பொறுமையாகப் படி.

நீயும் கூட வருவதாக இருந்து கடைசி நேரத்தில் லீவு கிடைக்காமல், "டிக்கெட் போட்டாச்சுப்பா, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்று எங்களை மட்டும் ஏற்றிவிட்டாய். விமானத்தில் உட்காரும்வரை எனக்குக் கோபம்தான். அந்தக் காசுக்கு எத்தனை லோடு எம்சாண்ட் இறக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

முதல் நாள் சாயங்காலமே ஒரு கூத்து. நான் குளித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா அறைக்கு வெளியே எட்டிப் பார்க்கப் போக, கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. நேராகக் கீழே கவுண்டருக்குப் போய்விட்டாள். இங்கிலீஷும் கிடையாது, ஒன்றும் கிடையாது. "சாவி, சாவி" என்று கையைத் திருகிக் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் "ஷாவ்?" என்று கேட்டுவிட்டு மாற்றுச் சாவியை எடுத்து நீட்டிவிட்டதாம். கையைத் திருகியதுதான் பாதி வேலை செய்திருக்கும் என்றேன் நான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் ஐந்து நாளும் அவளுக்கு அதே வேலைதான். ஜன்னலைத் தொட்டுக் காட்டுவாள், "ஜனேலா" என்று பதில் வரும். மேசைக்கு "மேசா". அலமாரிக்கு "அர்மாரியு". துவாலை, கிராதி, அன்னாசி எல்லாமே தேறின. வராந்தா மட்டும் யார் யாருக்குக் கொடுத்தது என்று இன்னும் சண்டை இருக்கிறதாம், நீ அனுப்பிய புத்தகத்தில் போட்டிருக்கிறது. மேஸ்திரி என்ற வார்த்தையே அவர்களுடைய 'மெஸ்த்ரெ'தானாம். நாற்பது வருஷமாக என்னை ஊரில் போர்ச்சுகீசியத்தில்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், தெரியாமலேயே திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

நம்மூர் ஆட்களுக்கு அந்த ஊரோடு பழக்கம் பழையதுதான். தமிழை ரோமன் எழுத்தில் போட்ட ஒரு ஜெபப் புத்தகம் 1554-லேயே லிஸ்பனில் அச்சாகியிருக்கிறது. தமிழ் எழுத்திலேயே அச்சடிக்க 1578 ஆனது, அது கொல்லத்தில். அந்தத் 'தம்பிரான் வணக்கத்தை'த் தமிழில் ஆக்கிய அன்றீக் அடிகளார் இருந்தது நம் புன்னைக்காயலில். நமக்குக் கொத்து வேலைக்கு ஆள் வருகிற அதே புன்னைக்காயல்!

ஊர் முழுக்க மேடும் பள்ளமும்தான். எங்கே நின்றாலும் கீழே தேஜு ஆறு தெரிகிறது. ஆறு என்று சொல்கிறார்கள், எனக்குக் கடல் மாதிரிதான் இருந்தது. 28-ஆம் நம்பர் மஞ்சள் டிராம் சந்துக்குள் வளையும்போது, கையை நீட்டினால் வீட்டுச் சுவர் இடிக்கும். வீட்டு முகப்புகளில் பூப்போட்ட ஓடு ஒட்டியிருக்கிறார்கள். நாம் குளியலறைக்கு ஒட்டுவதை அவர்கள் தெருவுக்கு ஒட்டியிருக்கிறார்கள். முதலில் சிரித்தேன். அப்புறம் யோசித்தால் கெட்டிக்காரத்தனம்தான். ஈரம் உள்ளே இறங்காது, பெயிண்ட் செலவும் இல்லை. நம்மூர் உப்புக் காத்துக்கு இது எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும்.

நடைபாதையைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதலாம். எல்லாம் கையகலம்கூட இல்லாத சதுரக் கல். வெள்ளைக் கல்லுக்கு நடுவே கறுப்புக் கல்லால் அலை, கொடி, கப்பல் என்று கோலம். ரோசியு சதுக்கத்தில் முழுக்க அலை. நின்று பார்த்தால் தரை ஆடுகிறது, சமதளம்தான் என்று காலுக்குத் தெரிகிறது, கண் நம்பவில்லை. மூன்றாம் நாள் ஒரு தெருவில் பெயர்ந்த கல்லைச் சரி செய்துகொண்டிருந்தார் ஒருவர். என் வயதுக்குப் பத்துக் குறைவாக இருக்கும். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, இடது உள்ளங்கையில் கல்லை வைத்து, வலது கையால் சுத்தியலை லேசாகப் போடுகிறார். இரண்டு தட்டு, சில சமயம் மூன்று. கல் அந்தப் பள்ளத்துக்கென்றே பிறந்த மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. ரசமட்டம் வைக்கவில்லை, நூல் பிடிக்கவில்லை. நான் ஒரு மணி நேரம் நின்றேன். உன் அம்மா போய் காபி குடித்துவிட்டு வந்துவிட்டாள். கடைசியில் அவர் நிமிர்ந்து பார்த்து ஒரு கல்லை என்னிடம் நீட்டினார். நான் வைத்தேன். அவர் அதை எடுத்துவிட்டுத் திருப்பி வைத்தார். ஒரு பக்கத்தை நான் கவனிக்கவில்லை. நாற்பது வருஷ அனுபவம் அவ்வளவுதான்! (அந்தக் கல் மழையில் வழுக்கும், அதையும் எழுதிவிடுகிறேன். உன் அம்மாவின் முழங்கால் அப்படித்தான் வீங்கியது. உன்னிடம் படியில் தடுக்கியதாகச் சொல்லியிருக்கிறாள்.)

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். மறுநாள் கல்லறைத் திருநாள். காலை ஒன்பதரை மணி வாக்கில் எல்லோரும் பூசையில் இருக்கிறார்கள், கோயிலெல்லாம் மெழுகுவர்த்தி எரிகிறது. அப்போது பூமி ஆடியிருக்கிறது. கல் கூரை ஜனங்கள் தலையில் இறங்கிவிட்டது. தப்பித்தவர்கள் வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓட, அங்கே தண்ணீர் எழும்பி வந்திருக்கிறது. மெழுகுவர்த்தியிலும் அடுப்பிலும் பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்திருக்கிறது. 2004 டிசம்பரில் பூசை முடிந்து வந்த நாகப்பட்டினத்து, வேளாங்கண்ணி ஜனங்களை உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ராஜா ஜோசேக்கு அதற்குப் பிறகு கல் கட்டடம் என்றாலே பயமாம். அஜூடா மேட்டில் மரத்தாலும் துணியாலும் அரண்மனை கட்டிக்கொண்டு சாகும்வரை அங்கேயே இருந்திருக்கிறார்.

ஊரைத் திரும்பக் கட்டியது மந்திரி பொம்பால். திட்டம் போட்டுக் கொடுத்தது மனுவேல் த மாயா என்ற இன்ஜினியர். அவருக்கு அப்போது வயசு 78! எனக்கு 71-லேயே சாரத்தில் ஏறாதே என்கிறாய். ஆற்றங்கரைக்கும் ரோசியுவுக்கும் நடுவே பழைய சந்துகளையெல்லாம் அழித்துவிட்டு, நூல் பிடித்த மாதிரி நேர்த் தெருக்கள். தட்டார் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைக்கிறவர் தெரு என்று பெயர். கடைசியாகச் சொன்னதன் போர்ச்சுகீசியப் பெயரில் யாழ்ப்பாணத்தார் செருப்புக்குச் சொல்கிற 'சப்பாத்து' அப்படியே இருக்கிறது.

அந்த வீடுகளின் சூட்சுமம் சுவருக்குள்ளே இருக்கிறது. நாங்கள் தங்கிய இடத்தில் படிக்கட்டு ஓரமாக ஒரு சுவரைப் பூச்சு உரித்துக் கண்ணாடி போட்டுக் காட்டியிருந்தார்கள். மரச்சட்டம் நிறுத்து, படுக்கை, நடுவே பெருக்கல் குறி மாதிரி குறுக்குச் சட்டம். இப்படியே கூண்டு கூண்டாக, இடைவெளியில் கல்லும் காரையும். அவர்கள் அதைக் கூண்டு என்றேதான் சொல்கிறார்கள். பூமி ஆடினால் கல் விழலாம், கூண்டு வளைந்து கொடுத்து நின்றுகொள்ளும். மாதிரிக் கூண்டு ஒன்றைச் செய்து, அதைச் சுற்றிப் பட்டாளத்தைக் காலை ஓங்கி மிதிக்கச் சொல்லிச் சோதித்தார்கள் என்று ஒரு கதை. கண்ணாடியின் ஓரம் கொஞ்சம் திறந்திருந்தது. தொடக் கூடாது என்று எழுதியிருந்தது. தொட்டேன். தட்டினால் கணீர் என்றது.

தெருவுக்கு அடியிலும் போய்ப் பார்த்தோம். ஒரு வங்கியின் கீழ்த்தளத்தில் மீனுக்கு உப்புப் போட்ட ரோமானியர் காலத்துத் தொட்டிகள் இருக்கின்றன. உன் அம்மா உடனே கருவாட்டுக்கு என்ன மீன் போட்டார்கள் என்று விசாரிக்கச் சொன்னாள். அதே இடத்தில்தான் நிலநடுக்கத்துக்குப் பிறகு அடித்த பைன் மரக் கழிகளையும் பார்த்தேன். சேற்று மண்ணில் கழியை இறக்கி, அதன் மேல் அஸ்திவாரம். தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும்வரை மரம் மக்காது. அந்த நேர்த் தெருப் பகுதி அந்தக் கழிகள் மேலேதான் நிற்கிறது, மேலே நடக்கிறவனுக்குத் தெரியாது.

சாந்து தொமிங்கோஸ் கோயிலுக்குப் போனபோதுதான் எனக்கு என்னவோ செய்தது. 1959-ல் அந்தக் கோயில் தீப்பிடித்து எரிந்திருக்கிறது. திரும்பத் திறந்தது 1994-ல். தூணெல்லாம் வெடித்து, விளிம்பு உதிர்ந்து, பாளம் பாளமாகப் பெயர்ந்து நிற்கிறது. பூசவில்லை. அப்படியே விட்டுவிட்டு மேலே கூரை மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். பூசை நடக்கிறது, பாட்டிகள் ஜெபமாலை சொல்கிறார்கள். என் கை பரபரத்தது. நாலு மூட்டை சிமெண்டும் இரண்டு சித்தாளும் கொடுத்தால் ஒரு மாதத்தில் புதுசாக்கிவிடுவேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "புதுசாக்கி?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பதில் வரவில்லை எனக்கு.

பெலேம் பக்கம் ஜெரோனிமஸ் மடத்தையும் பார்த்தோம். கல்லில் கயிறு திரித்திருக்கிறார்கள், சிற்பிகளைச் சும்மா சொல்லக் கூடாது. ஆனால் அது மிளகுக் காசு. கிழக்கே இருந்து வந்த சரக்கின் வரியில் எழுப்பியது. உள்ளே வாஸ்கோ ட காமா கல்லறை. உன் அம்மா சிலுவை போட்டுக்கொள்ளக் கையை எடுத்தாள். 1502-ல் மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரைக் கப்பலை ஆட்களோடு கொளுத்தியவன் இவன் என்றேன். கையை இறக்கிவிட்டாள். பக்கத்துக் கடையில் 1837-லிருந்து சுடுகிற முட்டைப் பணியாரம் தின்றோம். அதில் மஞ்சள்கரு, நம்மூர் மக்ரூனில் வெள்ளைக்கரு. இரண்டு ஊரும் ஒரே முட்டையைப் பங்கு போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது.

அல்ஃபாமா என்ற பழைய பேட்டை பாறை மேல் இருப்பதால் 1755-ல் அதிகம் விழவில்லை. அங்கே சாயங்காலம் நடந்தபோது ஒன்றைக் கவனித்தேன். வாசல் கிராதிகளில் கைப்பிடி அளவு இரும்புப் பெட்டிகள் தொங்குகின்றன, நம்பர் வைத்துத் திறக்கிற மாதிரி. ஒரு கிராதியில் ஐந்து எண்ணினேன். என்ன என்று விசாரித்தால், உள்ளே சாவியாம். வாடகைக்கு வருகிற டூரிஸ்ட் தானே எடுத்துத் திறந்துகொண்டு, போகும்போது தானே போட்டுவிட்டுப் போவான். அங்கே குடியிருந்தவர்கள் வாடகை கட்ட முடியாமல் ஊருக்கு வெளியே போய்விட்டார்கள். வீடு பழைய அழகோடு நிற்கிறது. ஒரு ஜன்னலில் மட்டும் துணி காய்ந்தது. நாங்களும் டூரிஸ்ட்தானே, யாரைக் குறை சொல்வது.

இப்போது நம் வீடு. தாத்தா கட்டியதை இடித்துவிட்டு மூன்று மாடி போடலாம் என்று நான் சொன்னபோது நீ அழுதாய். படித்தவள் பேச்சு, பராமரிப்புச் செலவு யார் கொடுப்பது என்று திட்டினேன். திட்டியிருக்கக் கூடாது. வந்த மறுநாள் தூண் பக்கம் பூச்சைக் கொஞ்சம் தட்டிப் பார்த்தேன். கடல் பாறைக் கல், சுண்ணாம்பு. உளி இறங்க மறுக்கிறது. பனங்கை ஒன்றுகூட வளையவில்லை. இடிக்க வருகிறவரைப் பொங்கல் கழித்து வரச் சொல்லிவிட்டேன்.

ஆனால் முழுக்க உன் பக்கம் வந்துவிட்டேன் என்று நினைக்காதே. பின்கட்டுச் சுவரும் குசினியும் போயே ஆக வேண்டும், கறையான் உள்வரை போய்விட்டது. முன்கட்டை நிறுத்தலாம். அதற்கு முன்னால் நீ எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிறுத்தினால் அதில் யார் இருப்பது? எனக்கும் உன் அம்மாவுக்கும் பிறகு வாசல் கிராதியில் அந்த இரும்புப் பெட்டி தொங்குவதற்கென்றால் இப்போதே சொல்லிவிடு, நான் மாடி போட்டுவிடுகிறேன். கோபத்தில் கேட்கவில்லை, கணக்குக்காகத்தான் கேட்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது நல்ல அளவு நாடா ஒன்று வாங்கி வா, இங்கே கிடைப்பது துருப்பிடிக்கிறது. முன்கட்டில் ஏழு ஜன்னல், ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகவில்லை. தாத்தா எதற்கு அப்படி வைத்தார் என்று இரண்டு பேருமாக அளந்து பார்ப்போம். கறையானுக்கு மருந்து அடிக்கிறவன் வியாழக்கிழமை வருகிறான்.

உன் அப்பா

பி.கு: அம்மா எழுதச் சொன்னது. மஞ்சள் டிராம் காந்தத்தைப் பிரிட்ஜில் ஒட்டிவிட்டாளாம். முழங்காலைப் பற்றி நான் எழுதியதை அவளிடம் கேட்டுவிடாதே.