மாப்ளைக்கு, அக்னி நட்சத்திரத்துல கறிக்குப் புகை போடுறது பத்தி

மாப்ள,

உன் மெயில் வந்து கொஞ்ச நாளாச்சுடா, உடனே பதில் போடணும்னுதான் நெனச்சேன், ஆனா நீ கேட்டிருக்கறதுக்கு ரெண்டு வரில பதில் எழுத மனசு வரல, அதான் இன்னைக்கு ஞாயித்துக்கெழம சாவகாசமா உக்காந்து எழுதுறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பிச்சுட்டாருன்னு எழுதியிருந்த, படிச்சதும் அவ்ளோ சந்தோஷம். தங்கச்சியக் கேட்டதாச் சொல்லு. இங்க பெரியவ காலேஜ் முடிக்கப் போறா, டல்லாஸ்ல வேல கெடச்சிருச்சு. சின்னவன் என்னைய விட ஒசரமாயிட்டான். அம்மா ஜூன்ல வர்றாங்க, ஆஸ்டின் வெயில எப்படித் தாங்கப் போறாங்களோன்னு இவளுக்குக் கவலை, திண்டுக்கல் வெயிலயே பாத்தவங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

சரி விஷயத்துக்கு வர்றேன். மே மாசம் பயலுக எல்லாம் லீவுக்குத் தோட்டத்துக்கு வர்றாங்க, ட்ரம் ஒண்ண வெட்டி டெக்ஸஸ்காரன் மாதிரி கறிக்குப் புகை போடலாம்னு இருக்கேன், கத்திரி வெயில்ல போய் நெருப்புப் பக்கத்துல நிக்கிறது கிறுக்குத்தனம்னு தங்கச்சி சொல்றாங்கன்னு எழுதியிருக்க. தாராளமா பண்ணு மாப்ள. இந்தச் சமையலே வெயில்ல வளந்ததுதான். 1800-கள்ல ஜெர்மனில இருந்தும் செக் நாட்டுல இருந்தும் மத்திய டெக்ஸஸுக்கு வந்து கறிக்கடை போட்டவங்க கிட்ட ஃபிரிட்ஜ் ஏது, இங்க ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அடிக்கிற வெயிலுக்கு விக்காத கறி ஒரு நாள் தாங்காது, அதனால மிச்சக் கறிய சாசேஜாவும் புகை போட்டும் வித்தாங்க, பருத்தி எடுக்க வந்த கூலி ஜனங்க அத வாங்கி கறி சுத்தின பேப்பர்லயே வச்சு சாப்டாங்க. லாக்ஹார்ட்னு இங்க ஒரு ஊர், அங்க க்ரூஸ் மார்க்கெட்னு ஒரு கறிக்கடை 1900-ல இருந்து நடக்குது. அவங்க பழைய கட்டடத்துல இப்ப ஸ்மிட்டிஸ்னு ஒரு கடை இருக்கு, உள்ள போறப்பவே தரையில நெருப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கும், அதுக்குப் பக்கத்துலதான் க்யூவுல நிக்கணும், ஆகஸ்ட்லயும் அப்படித்தான், ஜனங்க நிக்கிறாங்கடா.

அதுக்கும் முன்னாடி இந்த ஊர்ல குழி வெட்டி ராத்திரி பூரா முழிச்சு முழு மாட்டையும் பன்னியையும் வாட்டினது அடிமையா இருந்த கறுப்பின ஜனங்க. அந்தப் பேரு அவங்களுக்குத்தான் மொதல்ல போகணும், ரொம்ப நாளா போகல. 1865 ஜூன் 19 டெக்ஸஸ்ல கால்வெஸ்டன்ங்கற ஊர்ல அவங்களுக்கு விடுதலைனு அறிவிச்ச நாள ஜூன்டீன்த்னு இன்னைக்கும் பார்பிக்யூ, அதான் இந்த நெருப்புல வாட்டுற கறி, போட்டுத்தான் கொண்டாடுறாங்க, அது வர்றதே நல்ல வெயில் காலத்துல. எனக்கு இதச் சொல்லிக் குடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தப் பரம்பரைல வந்தவர்தான், எழுபது வயசுக்கு மேல ஆச்சு, அவர் பகல்ல நெருப்பு மூட்டி நான் பாத்ததே இல்ல. பொழுது சாஞ்சப்பறம்தான்.

நான் உனக்குச் சொல்ல வர்றதும் அதுதான் மாப்ள, வெயிலுக்குப் பயந்து விட்டுறாத, நேரத்த மாத்து. ராத்திரி ஏழு மணிக்கு மூட்டு, எட்டு மணிக்குக் கறிய வையி, விடியக்காலைல எடு, சுத்தி வச்சிட்டுத் தூங்கு, மத்தியானம் வெட்டு. லெக்ஸிங்டன்ல ஸ்னோஸ்னு ஒரு கடை, சனிக்கிழமை மட்டும்தான், காலைல எட்டு மணிக்குத் தொறப்பாங்க, டூட்ஸி டொமானெட்ஸ்னு ஒரு அம்மா, 1935-ல பொறந்தவங்க, நடுராத்திரிலயே வந்து கங்கு அள்ளிப் போட ஆரம்பிச்சிருவாங்க. 2008-ல டெக்ஸஸ் மந்த்லி பத்திரிகை இந்தச் சின்ன ஊர்க் கடையத்தான் மாநிலத்துலயே மொத எடம்னு எழுதுச்சு. அந்த வயசுல அந்த அம்மா கையில மண்வெட்டிய வச்சுக்கிட்டு நிக்கிறதப் பாத்தா கும்பிடத் தோணும்.

இப்ப வெயில் நெருப்ப என்ன பண்ணும்னு கேட்டியே. 2023-ல ஆஸ்டின்ல தொடர்ந்து 45 நாள் 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸுக்கு மேல அடிச்சுது, அந்த வருஷம் நல்லாவே பாத்துட்டேன். ஒண்ணு, வெறகு கம்மியா செலவாகும், ஏன்னா கறி வேகுற பெட்டிக்குள்ள நமக்கு வேண்டியது எப்பவும் அதே 225-ல இருந்து 275 டிகிரிதான், 107-ல இருந்து 135 செல்சியஸ், வெளிய சூடா இருந்தா அந்த எடத்துக்குப் போக நெருப்பு ரொம்ப ஒழைக்க வேண்டியதில்ல. கறி வேகுற நேரம் பெருசா குறையாது, பெட்டிக்குள்ள சூடு அதேதானே. ரெண்டு, பொக போக்கி இழுக்குறது கொறையும். உள்ள இருக்கற காத்துக்கும் வெளிக் காத்துக்கும் சூட்டுல எவ்ளோ வித்தியாசமோ அவ்ளோதான் இழுவை, வெளிய அனலா இருந்தா அந்த வித்தியாசம் சுருங்கிப்போகும், நெருப்புக்குக் காத்து பத்தாம வெறகு புகைய ஆரம்பிக்கும், தடிச்ச வெள்ளைப் பொக வந்து கறி கசக்கும். அதனால மேல பொக போக்கிய முழுசாத் தொறந்து வையி, சின்னச் சின்ன சிராய்த் துண்டாப் போட்டு நெருப்ப எரிய விடு, பொக கண்ணுக்குத் தெரியுதா இல்லையான்னு லேசா நீலமா இருக்கணும். வெயில்ல ரொம்பக் காஞ்ச வெறகு குபுக்குன்னு பத்தும், அதுக்கும் சின்ன துண்டுதான் நல்லது. அப்பறம் மூடில இருக்கற மீட்டர நம்பாத, வெயில் பட்டா அது தப்பா காட்டும், கறி பக்கத்துல வைக்கிற மாதிரி வயர் போட்ட தெர்மாமீட்டர் ஆன்லைன்ல கெடைக்குது, வாங்கிரு.

பாதி ராத்திரில ஒண்ணு நடக்கும், பயந்துறாத. கறிக்குள்ள சூடு ஏறிக்கிட்டே வந்து 65, 70 டிகிரி செல்சியஸ்ல அப்படியே நின்னுரும், மணிக்கணக்கா நகராது. இங்க இத ஸ்டால்னு சொல்லுவாங்க. கொழுப்பு உருகுறதால, சவ்வு கரையறதாலன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, கிரெக் பிளாண்டர்னு ஒரு இயற்பியல்காரர் ஈர ஸ்பாஞ்சையும் கொழுப்புக் கட்டியையும் சூட்டுல வச்சுப் பாத்தாரு, ஸ்பாஞ்சு நின்னுச்சு, கொழுப்பு நிக்காம ஏறிருச்சு. கறில இருந்து தண்ணி ஆவியாப் போறதுதான் அதக் குளுர வைக்குது, அடுப்புப் பக்கத்துல நமக்கு வேர்க்குறதும் அதே கணக்குதான், கறிக்கும் வேர்க்குதுடா! அது தெரிஞ்ச அன்னைல இருந்து எனக்கு நெருப்புக்கிட்ட நிக்கிறதே வேற மாதிரி இருக்கு. அந்த நேரத்துல தடிச்ச பிரவுன் பேப்பர்ல சுத்திரு, மெழுகு பிளாஸ்டிக் பூசாததாப் பாத்துக்க, இல்லைனா அலுமினியம் ஃபாயில், ஆவி வெளிய போக முடியாம மறுபடி ஏறும். 95 கிட்ட வந்ததும் கம்பிய விட்டுப் பாரு, வெண்ணெய்க்குள்ள போற மாதிரி போகணும், அப்ப எடு.

நீ மாட்டுக்கறி வீட்ல ஒத்துக்க மாட்டாங்கன்னு எழுதியிருந்த, பரவால்ல, வெள்ளாடு போதும். பிராடினு ஒரு ஊர்ல 1974-ல இருந்து வருஷா வருஷம் லேபர் டே லீவுல ஆட்டுக்கறி பார்பிக்யூ போட்டியே நடக்குது, அதுவும் செப்டம்பர் ஆரம்ப வெயில்லதான். முன்னங்கால் சந்துக்கறிய எலும்போட வாங்கு, தொடைய விட அதுல கொழுப்பும் சவ்வும் ஜாஸ்தி, காயாது. கல் உப்பு, கொரகொரப்பா இடிச்ச மொளகு, அவ்ளோதான், மசாலா தடவணும்னு யாராவது வந்தா வெரட்டிவிடு. மொளகுக்கு நம்ம ஊர விட நல்லது எங்க கெடைக்கும் சொல்லு, சிறுமலைல இருந்து வாங்கிக்க.

அடுத்தது கவனமா படி, இதுலதான் எனக்குப் பயம். கறிய ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளிய வச்சு சூடு தணிச்சப்பறம் அடுப்புல வைக்கணும்னு வீடியோல சொல்லுவாங்க, அந்த வேலையே வேணாம். 4-ல இருந்து 60 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கிருமி பெருகுற எடம், சமைச்சதோ பச்சையோ அதுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாது, வெளிய 32 டிகிரிக்கு மேல இருந்தா ஒரே மணி நேரம்தான்னு அமெரிக்க விவசாயத் துறை சொல்லுது. உன் தோட்டத்துல மே மாசம் ராத்திரி பத்து மணிக்கும் 32 இருந்தாலும் இருக்கும். ஃபிரிட்ஜ்ல இருந்து நேரா அடுப்புக்குப் போகட்டும், ஜில்லுனு ஈரமா இருக்கற கறிலதான் பொகையும் நல்லாப் பிடிக்கும். வெந்தப்பறம் பேப்பரோட பழைய துணில சுத்தி ஐஸ் பெட்டில, ஐஸ் இல்லாம, வச்சு மூடினா சூடு மணிக்கணக்கா நிக்கும், ஆனா தெர்மாமீட்டர் கம்பிய கறிக்குள்ள விட்டே வையி, 60-க்குக் கீழ எறங்கறதுக்குள்ள வெட்டிப் பரிமாறிரணும். பொக போட்டதுதானே, அப்பத்தா கொடில தொங்கவிட்ட உப்புக்கண்டம் மாதிரி கெடாதுன்னு மட்டும் நெனச்சுராத. உப்புக்கண்டத்துல உப்பும் வெயிலும் சேந்து தண்ணிய முழுசா வெளியேத்திரும், இதுல உள்ள அம்புட்டும் ஈரம். மிச்சம் இருந்தா அன்னைக்கே ஃபிரிட்ஜுக்குப் போகணும்.

வெறகுக்கு இங்க போஸ்ட் ஓக்னு ஒரு வகை ஓக் மரம். அங்க அது இல்ல, ஆனா உனக்கு ஒரு அதிசயம் சொல்றேன், தெக்கு டெக்ஸஸ்லயும் மேற்குலயும் கறி வாட்டுற மெஸ்கீட் மரம் இருக்கே, அது நம்ம சீமைக்கருவேலத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், ரெண்டும் ஒரே பேரினம். நம்ம ஊரக் கெடுத்த மரம்னு நாம திட்டிக்கிட்டே இருக்கோம், இங்க அத வெல குடுத்து வாங்குறாங்க. சீமைக்கருவேலப் பொக ரொம்ப காட்டமா இருக்கும், அதனால தனியா ஒரு எடத்துல எரிச்சு கங்காக்கி, அந்தக் கங்க மட்டும் அள்ளி ட்ரம்முக்குள்ள போடு, வாசத்துக்குக் கொய்யாக் கட்டையோ மாங்கட்டையோ ரெண்டு துண்டு போதும். அரளி பக்கமே போகாத, வெஷம். வேம்பும் தைல மரமும் வேணாம்.

ட்ரம் வாங்குறப்ப பூச்சி மருந்து, கெமிக்கல் இருந்ததா இல்லையான்னு கேட்டு வாங்கு, சமையல் எண்ணெய் ட்ரம் கெடைச்சா நல்லது. துத்தநாகம் பூசினது ஆகாது. வாங்கினதும் கறி இல்லாம ஒரு தடவ நல்லா எரிச்சு உள்ள இருக்கற பெயிண்ட்டெல்லாம் போக்கிரு. ட்ரம்ம கீத்துக் கொட்டகைக்குக் கீழ வைக்காத மாப்ள, நெழல் இருக்குன்னு அங்கதான் வைக்கத் தோணும், வைக்காத. வைக்கப்படப்புல இருந்தும் நல்லா தள்ளி, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து, சுத்தி மண்ண நனைச்சு விட்டு வையி, மோட்டார் ஹோஸ் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும், ராத்திரி கரண்ட் போச்சுன்னா மோட்டார் ஓடாது, அதுக்கு ரெண்டு குடம் தண்ணியும் எடுத்து வச்சிரு. 2017 ஆகஸ்ட்ல ஹார்வி புயல் காத்துல ஆஸ்டின் ஃப்ராங்க்ளின் பார்பிக்யூலயே அடுப்புத் தீப்பொறி பறந்து கடை எரிஞ்சு மாசக்கணக்கா மூடிக் கெடந்துச்சு, அவ்ளோ அனுபவம் உள்ளவங்க. இங்க காஞ்ச காலத்துல கவுண்டில, நம்ம மாவட்டம் மாதிரி, தடை போட்டுருவாங்க, வெளிய எதையும் எரிக்கக் கூடாது, மூடி போட்ட அடுப்புல சமைக்க பொதுவா விடுவாங்க. அந்தக் கெடுபிடில தப்பே இல்ல, 2011-ல பக்கத்து பாஸ்ட்ராப்ல பத்துன தீல 1,600 வீட்டுக்கு மேல போச்சு.

கடைசியா உன் ஒடம்பு. உனக்கு பிரஷர் மாத்திரை ஓடிக்கிட்டு இருக்கு, அதுல நீர் பிரியற மாத்திரையும் இருந்தா வெயில்லயும் அனல்லயும் ஒடம்பு சீக்கிரம் வத்திரும், இந்த வேலைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுரு. அன்னைக்குப் பயலுக பாட்டில் எடுத்துட்டு வருவாங்க, நெருப்பு பாக்குற ஆளு மட்டும் தொட வேணாம். நீர்மோர் உப்பு போட்டு ஒரு பெரிய பானைல வச்சிரு, தாகம் எடுக்காட்டியும் குடிச்சுக்கிட்டே இருக்கணும். யாருக்காவது தல சுத்துச்சு, பேச்சு கொழறுச்சு, தோல் கொதிக்குதுன்னா கறியாவது மண்ணாவதுன்னு விட்டுட்டு ஆள நெழலுக்குக் கொண்டு போயி மேலெல்லாம் தண்ணிய ஊத்திக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கெளப்பு. ராத்திரி ஒரே ஆளு முழிக்காதீங்க, ரெண்டு ரெண்டு பேரா மொற வச்சுக்கங்க. நெஜத்தச் சொல்லணும்னா எனக்கு இதுல பிடிச்சதே அதுதான்டா, பெரியவரும் நானும் சேர் போட்டு உக்காந்து விடிய விடிய பேசின பேச்சு, கறி ஒரு சாக்கு. நாம ரெண்டு பேரும் அப்படி ஒரு ராத்திரி பேசி எத்தன வருஷமாச்சு.

மே மாசம் என்னால வர முடியாது, டிசம்பர்ல டிக்கெட் பாத்துக்கிட்டு இருக்கேன். அதுக்குள்ள ட்ரம் எங்க வைக்கப் போறன்னு தோட்டத்த நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு, வெல்டிங்காரர்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி பொக போக்கி எவ்ளோ அகலம் வேணும்னு ட்ரம் அளவப் பாத்துட்டு எழுதுறேன்.

உன்,
ஆஸ்டின் மாப்ள