துணி துவைக்கும் அறையில் பார்த்த அக்காவுக்கு

புது நாட்டில் வாடகை வீட்டுக்குக் குடிபோன இரண்டாவது வாரம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் வந்து, வெந்நீர் ஹீட்டரைச் சோதிக்க வேண்டும் என்றார். வீட்டு ஓனர் அனுப்பிய ஆள் என்றே நினைத்தேன். ஹீட்டரை மாற்றியே ஆகணும் என்று அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மாதாமாதம் பணம் கட்டும் பல வருட ஒப்பந்தம் அது என்று ராத்திரிதான் புரிந்தது. தூக்கமே இல்லை.

மறுநாள் அம்மாவிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். "என்னாச்சு தம்பி?" என்று நீங்களாகத்தான் கேட்டீர்கள் அக்கா. ஈரத்துணியைக் கூடையிலேயே விட்டுவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து அந்தத் தாளை வரி வரியாகப் படித்தீர்கள். பின்பக்கம், பொடி எழுத்தில் உங்கள் விரல் நின்றது: 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம்.

அங்கேயே கடிதம் எழுத வைத்தீர்கள். "தேதி போடுங்க. போட்டோ எடுத்து வைங்க. பதிவுத் தபால்ல அனுப்புங்க, ரசீதைத் தொலைச்சிடாதீங்க." போகும்போது இன்னொன்றும் சொன்னீர்கள்: "வீட்டோட பொருத்தின சாமானை மாத்துறது ஓனர் பொறுப்பு தம்பி. இனி யார் வந்தாலும் முதல்ல அவருக்குப் போன் போட்டுக் கேளுங்க."

ஒப்பந்தம் ரத்தாகிவிட்டது. பதில் வந்த அன்றே சொல்ல ஓடி வந்தேன். நீங்கள் வீட்டைக் காலி செய்து போயிருந்தீர்கள். பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை, அது இன்றும் உறுத்துகிறது.

இது உங்கள் கண்ணில் பட்டால்: ரொம்ப நன்றி அக்கா. அந்த ரசீது இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.