பேட்டரி உப்பிருச்சுன்னு சுத்துற பேச்சப் பத்தி நம்ம கஸ்டமர்களுக்கு ஒரு மடல்

நம்ம ஆர்சி (ரிமோட் கார்) நண்பர்கள் எல்லாருக்கும் வணக்கம்,

கொஞ்ச நாளா ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்திட்டு இருக்கு, உங்கள்ல நிறைய பேருக்கு வந்திருக்கும். நம்ம கடையில வாங்குன லைப்போ பேக் (லித்தியம் பாலிமர் பேட்டரி) ரெண்டே ரேஸ்ல உப்பிருச்சாம், பழைய ஸ்டாக்க தலையில கட்டிட்டோமாம். வேற என்ன சொல்லியிருந்தாலும் பேசாம இருந்திருப்பேன், அந்த பழைய ஸ்டாக்குங்கிற வார்த்தைதான் தாங்க முடியல. உங்களுக்கே தெரியும், எந்த பேக் வெளிய போனாலும் உங்க கண்ணு முன்னாடி செல் செக்கர்ல (ஒவ்வொரு செல்லோட வோல்ட்டையும் காட்டுற மீட்டர்) மாட்டி, செல்லுக்கு 3.8 வோல்ட் பக்கத்துல இருக்கா, ரெண்டு செல்லும் சமமா இருக்கான்னு காட்டிட்டுத்தான் கையில குடுப்போம். அந்த பேக்கும் அப்படித்தான் போச்சு. திரும்பி வந்தப்ப ஒரு செல் 2.4, இன்னொன்னு 2.7. லைப்போ செல்ல 3 வோல்ட்டுக்குக் கீழ இறக்கவே கூடாது, இறக்குனா உள்ள எலக்ட்ரோலைட் சிதைஞ்சு கேஸ் ஆகும், புத்தம் புது பேக்கா இருந்தாலும் உப்பத்தான் செய்யும்.

ஏன் அவ்வளவு கீழ போச்சுன்னா, அந்த கார் அதுவரைக்கும் 7.2 வோல்ட் நிக்கல் பேக்குல ஓடுனது. 2எஸ் லைப்போ, அதாவது ரெண்டு செல் பேக், 7.4 வோல்ட், பெருசா வித்தியாசம் இல்லையேன்னு அப்படியே மாட்டிட்டாங்க, இஎஸ்சி (மோட்டார் வேகத்தக் கட்டுப்படுத்துற போர்டு) பழைய மோடுலயே இருந்திருக்கு, வோல்ட் ரொம்ப இறங்குனா மோட்டார நிறுத்துற கட்-ஆஃப் வேலை செய்யல. நிக்கல் பேக் தீரும்போது கார் மெல்ல மெல்ல டல்லாகும், அத வச்சே நாம நிறுத்திடுவோம். லைப்போ அப்படி இல்ல, கடைசி வரைக்கும் வேகம் குடுத்துட்டு திடீர்னு விழும், ஓட்டுறவருக்குத் தெரியவே தெரியாது. அதனால பேக் மாத்துனா முதல் வேலை இஎஸ்சிய லைப்போ மோடுக்கு மாத்துறதுதான். சிலதுல குட்டி ஜம்பர் இருக்கும், சிலதுல பட்டன். ட்ராக்ஸஸ் எக்ஸ்எல்-5 இஎஸ்சின்னா ஆன் பண்ணதும் லைட் பச்சையா இருக்கணும், சிவப்பா இருந்தா கட்-ஆஃப் வேலை செய்யாது. பேக் வாங்குனவரத் தப்பு சொல்றதுக்காக இத எழுதல, யாருக்கும் நடக்கும், ஆனா பேக் மேல தப்பு இல்லங்கறத சொல்லித்தான் ஆகணும்.

கனெக்டர் நீங்களே மாத்துறதா இருந்தா தயவுசெஞ்சு ரெண்டு வயரையும் ஒண்ணா வெட்டாதீங்க, ஒண்ண வெட்டி சால்டர் பண்ணி ஸ்லீவ் போட்டுட்டு அப்புறம் அடுத்தது. சிவப்பு கருப்பு மாறி மாட்டுனா இஎஸ்சி அந்த நொடியே காலி. பேலன்ஸ் வயர் (ஒவ்வொரு செல்லுக்கும் போற சின்ன வயர்) ஸ்பர் கியர் (மோட்டார் சுத்துற பெரிய பல்சக்கரம்) பக்கம் போகாம டேப் போட்டு ஒதுக்குங்க. ட்ரேயில பேக் ஆடக்கூடாது, ஆடுனா ஓரத்துல ஃபோம் வைங்க, அதுக்காக ஸ்ட்ராப்ப இறுக்கிப் பிழியவும் வேணாம். சாஃப்ட் பேக்னா (மேல கெட்டி கூடு இல்லாதது) அடியில ஸ்க்ரூ முனை எதாவது நீட்டிட்டு இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. சார்ஜ் எப்பவும் கார விட்டு வெளிய எடுத்து, பேலன்ஸ் மோடுல (எல்லா செல்லும் சமமா ஏறுற மோடு), பக்கத்துல ஆள் இருக்கும்போது மட்டும். 5000 எம்ஏஹெச் பேக்குக்கு 5 ஆம்பியர் போதும், 2எஸ்னா 8.4 வோல்ட்ல நின்னுடணும். ஹெச்வின்னு (ஹை வோல்டேஜ்) போட்ட பேக்குக்கு மட்டும்தான் 8.7. உப்புன பேக்க அமுக்கிப் பாக்குறது, திரும்ப சார்ஜ் போட்டுப் பாக்குறது ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

நம்ம பெஞ்சுல சால்டர் வேலை எல்லாம் பாத்துட்டு இருந்த தம்பிக்கு வேற இடத்துல நல்ல வேலை கிடைச்சுப் போயிட்டாப்ல, நல்லா இருக்கட்டும். இப்ப நானே ஒத்த ஆளா பாக்குறதால ஃபிட்டிங்குக்கு விட்ட வண்டி கைக்கு வர கொஞ்சம் லேட்டாகுது, மன்னிச்சுக்கோங்க, அடுத்த மாசத்துலேர்ந்து ஃபிட்டிங்குக்கு தனியா ஒரு கட்டணமும் இருக்கும்.

அந்த மெசேஜ கேட்டுட்டு "அண்ணே, நீங்க அப்படி பண்ற ஆள் இல்லன்னு எங்களுக்குத் தெரியும்"னு போன் பண்ணவங்க, கடைக்கே வந்து நின்னவங்க, முதல் கார்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் நம்மகிட்டயே வர்றவங்க, உங்க எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நிக்கல்லேர்ந்து லைப்போவுக்கு மாறுறவங்க காரையும் சேர்த்து எடுத்துட்டு வாங்க, மோடு செக் பண்றதுக்கு எப்பவும் போல காசு கிடையாது.

அன்புடன்,
உங்க கடைக்காரர்