யார் பாட்டு, கயல்?

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் சுகம். போன ஞாயிறு போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவே இல்லை. "நான் கீபோர்டுல வாசிக்கிறது எல்லாம் அடுத்தவங்க பாட்டுப்பா, என்னோடதுன்னு என்ன இருக்கு?" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை.

இந்த வாரம் முழுக்க, நீ இங்கே விட்டுப்போன ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயரின் 'ஹிஸ்டாரிசிட்டி' ஆல்பத்தைத்தான் கேட்டேன். 2009-ல் வந்தது. பியானோ அவர், பாஸ் ஸ்டீபன் கிரம்ப், டிரம்ஸ் மார்கஸ் கில்மோர். மூன்றே பேர். விஜய், அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் பிறந்த பிள்ளை. 3 வயதிலிருந்து 15 வருடம் வயலினை முறையாகப் படித்தவர். பியானோவைக் காதால் கேட்டுத் தானாகவே பிடித்தவர். பாட்டி வீட்டு ஆர்மோனியத்தில் கட்டை கட்டையாகத் தடவி நீ மெட்டு கண்டுபிடித்தாயே, அதுதான் ஞாபகம் வந்தது.

அந்த ஆல்பத்தின் 10 உருப்படிகளில் அவருடைய சொந்தம் 4 மட்டுமே. மீதி 6 பிறருடையவை: பெர்ன்ஸ்டைனின் 'சம்வேர்', ஸ்டீவி வொண்டரின் 'பிக் பிரதர்', சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பாடகி எம்.ஐ.ஏ.வின் 'கலாங்' கூட இருக்கிறது.

அந்த ஆறில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'மிஸ்டிக் ப்ரூ'. ரானி ஃபாஸ்டர் 1972-ல் ஆர்கனில் வாசித்தது. விஜய் அதை வாசிப்பதைத் தொடையில் தாளம் போட்டுக் கேட்டேன். தாளச் சுற்று தொடங்கும் இடமான சமம் கைநழுவிப் போயிற்று. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் போயிற்று. 3, 5, 8, 13 என்று முந்தைய இரண்டைக் கூட்டிக்கொண்டே போகும் ஃபிபனாச்சி எண்கள் இருக்கிறதல்லவா, அவற்றின் விகிதத்தில் அந்தச் சந்தத்தை அமைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். கணக்கு அவ்வளவு இருந்தும் பாட்டு நொண்டவில்லை, கயல். மெட்டு ஃபாஸ்டருடையது. நடை முழுக்க விஜயுடையது.

நம் கச்சேரியில் நிரவல் கேட்டிருக்கிறாய். வரி தியாகராஜருடையது. அந்த ஒற்றை வரியைப் பத்து நிமிடம் விரித்துப் பாடுகிறவரைப் பார்த்து, இவருக்குச் சொந்தமாக எதுவும் இல்லை என்று நாம் நினைத்ததுண்டா? போன மாதம் நீ அனுப்பிய பதிவில் இடது கை ஓரிடத்தில் தாமதித்து விழுந்ததே, அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அது உன்னுடையது. அதை விட்டுவிடாதே, அம்மா.

தீபாவளிக்கு வரும்போது கீபோர்டைக் கொண்டு வா. 'மிஸ்டிக் ப்ரூ'வை நீ வாசி, நான் தாளம் போடுகிறேன். எங்கே விடுகிறேன் என்று நீதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா