டிக்கியில் இருக்கும் பானா உங்கள் வண்டிக்கு உரியதுதானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலத்துக்கு முன் காரைத் தயார் செய்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். வைப்பர், பிரேக், ஸ்டெப்னியில் காற்று என்று எதையும் விடவில்லை. ஆனால் அந்த ஸ்டெப்னியை மாட்ட முதலில் சக்கர நட்டு கழல வேண்டுமே! அதற்கான பானாவை (ஸ்பேனர்) பற்றி ஒரு வரிகூட இல்லை.

போன ஐப்பசியில் அப்பத்தாவைத் திருச்சியில் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு, ராத்திரி பள்ளத்தூர் திரும்பிக்கொண்டிருந்தோம். திருமயம் தாண்டியதும் பின் டயர் பஞ்சர். டிக்கியில் இருந்த எல் பானாவை நட்டில் மாட்டி மிதித்தேன். லொடலொடவென்று ஆடி வழுக்கியது. இரண்டாவது மிதியில் நட்டின் மூலைகள் மழுங்கிப் பளபளத்தன. உதவிக்கு நிறுத்திய லாரி டிரைவர் டார்ச் அடித்துப் பார்த்து, "தம்பி, இது இந்த வண்டிப் பானா இல்லையே" என்றார். எங்கள் ஸ்விஃப்டுக்கு 19 மி.மீ. நட்டு. கையில் இருந்ததோ முன்பு வைத்திருந்த ஐ10 காரின் 21 மி.மீ. பானா. அவர் தன் பெட்டியிலிருந்து, நட்டின் மேல் தொப்பிபோல் மாட்டும் ஆறு மூலை சாக்கெட் ஒன்றை எடுத்து, சுத்தியலால் தட்டி உட்காரவைத்து, நீளக் கம்பி போட்டு அழுத்தினார். 'டக்' என்று விட்டது. அப்பத்தா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்றிலிருந்து கேட்டும் செய்துபார்த்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கடையில் ஆறு மூலை சாக்கெட்டாகக் கேளுங்கள். பன்னிரண்டு மூலை உள்ளது சட்டென்று மாட்டும். ஆனால் நட்டின் முனையை மட்டும் பிடிப்பதால் இறுகிய நட்டை மழுக்கிவிடும். ஆறு மூலை, நட்டின் பக்கத்தையே பிடிக்கும். போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் ஆழமான சாக்கெட் நல்லது. அலாய் சக்கரமானால் நட்டு இருக்கும் குழி குறுகல், சாக்கெட்டின் சுவர் மெல்லியதாக இருக்க வேண்டும். டிரைவ், அதாவது கைப்பிடி மாட்டும் சதுர ஓட்டை, அரை இஞ்ச். கழற்ற ராட்செட் (ஒரு பக்கம் மட்டும் திருகும் பல்சக்கரக் கைப்பிடி) வேண்டாம், உள்ளே பல் உடையும். கைப்பிடியாக நேரான நீளக் கம்பிதான் சரி.

நீளத்தில்தான் எல்லாமே இருக்கிறது. சிறிய கார்களின் சக்கர நட்டை 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) வரை இறுக்கச் சொல்கிறார்கள். 100 என்று வையுங்கள். கால் மீட்டர் பானாவில் அதற்கு நாற்பது கிலோ எடை கொடுக்க வேண்டும். அரை மீட்டர் கம்பியில் இருபது போதும். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் முடுக்கிய நட்டைக் கழற்ற இன்னும் கூடுதலாக வேண்டும். அதனால் கடையில், கடைசி இறுக்கை, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் போடச் சொல்லிக் கேளுங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு தடவை சரிபார்ப்பதும் அவசியம். மரையில் எண்ணெய் மட்டும் தடவ வேண்டாம், அளவுக்கு மீறி இறுகிவிடும்.

சென்ற ஞாயிறு வாசலில் காரை நிறுத்தி, சக்கரம் தரையில் இருக்கும்போதே என் மனைவியை நட்டுகளைத் தளர்த்தச் சொன்னேன். தினமும் காரைக்குடிக்குத் தனியாக ஓட்டுபவர். புதுக் கம்பியில் எல்லா நட்டும் அவர் கைக்கே இளகின.

முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் எத்தனையோ குடும்பங்கள் வெளியூரிலிருந்து ராத்திரியில் கார் ஓட்டி நம் பக்கம் வருகிறார்கள். அடுத்த இதழில் இதற்குப் படத்தோடு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள் ஐயா.

அன்புடன்,
ஒரு வாசகர், பள்ளத்தூர்